குதிரை சக்தியும் பிரேக் சர்டிஃபிகேட்டும்

சென்ற பொங்கல் விழாவன்று பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவன் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகன். புனேயில் படித்து, அங்கேயே வேலையிலும் சேர்ந்துவிட்டவன். சாம்பார் வந்துகொண்டிருக்கும்போதே செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். 1970-ஆம் வருடத்து ஷெவ்ரலே ஷெவல் எஸ்.எஸ். 454. பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று வெண்புகை கக்குகின்றன.

"அங்கிள், நீங்க டீசல் என்ஜின்லயே இருந்தவர்தானே? இதைப் பாருங்க. அந்தக் காலத்துலயே தெருவுல ஓடற காருக்கு 450 ஹார்ஸ்பவர் போட்டிருக்கான். நம்ம ராஜதானி அப்போ 120-லதான் போச்சாம். நம்மாளுங்க ஏன் அங்கிள் இவ்வளவு ஸ்லோ?"

சர்க்கரைப் பொங்கல் வாயில் இருந்தபடியால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கை கழுவும் இடத்தில் அவன் தாயார் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, இந்த வருஷம் கார் வாங்கியே தீருவேங்கறான். அதுவும் 200 ஹார்ஸ்பவருக்குக் குறைஞ்சு வேண்டாமாம். எனக்கு ராத்திரி தூக்கமே போச்சு. நீங்க சொன்னா கேப்பான், கொஞ்சம் சொல்லுங்களேன்."

நான் சொல்ல நினைத்தது ஒரு பந்தி நேரத்தில் சொல்லி முடிகிற விஷயமல்ல. இப்படி ஒரு பையனோ பெண்ணோ இல்லாத வீடு நம் சங்கத்தில் குறைவு என்பதால் இதழிலேயே எழுத இடம் கேட்டு வாங்கினேன்.

முதலில் அந்த அமெரிக்க வண்டிகளுக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிடுகிறேன். 'மசில் கார்' என்று பெயர் பெற்ற இந்த வகைக்கு வழி திறந்தது 1964-இல் வந்த போண்டியாக் ஜி.டி.ஓ. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவுதான் போண்டியாக். நடுத்தர அளவு வண்டியில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜினை வைக்கக் கூடாது என்று தலைமையகத்தில் ஒரு விதி இருந்தது. ஜான் டிலோரியன் தலைமையில் இருந்த போண்டியாக் பொறியாளர்கள் அதற்கு ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். புது மாடல் என்று சொன்னால்தானே விதி தடுக்கும்? டெம்பஸ்ட் லெமான்ஸ் என்ற சாதுவான வண்டிக்கு, விரும்பினால் வாங்கிக்கொள்ளும் கூடுதல் சாமான் என்று சொல்லி, பெரிய வண்டியின் 389 கன அங்குல வி-8 என்ஜினை, அதாவது சுமார் 6.4 லிட்டர் என்ஜினை, உள்ளே இறக்கிவிட்டார்கள். 5,000 வண்டி விற்றால் போதும் என்று நினைத்தார்கள். முதல் வருடமே 32,450 விற்றது. யுத்தத்துக்குப் பின் பிறந்த பெரும் தலைமுறை அப்போதுதான் லைசென்ஸ் வாங்கும் வயதை எட்டியிருந்தது. பெட்ரோல் மலிவு, சாலைகள் நேர்க்கோடு. பிறகு ஒவ்வொரு கம்பெனியும் போட்டிக்கு வந்தது. கிரைஸ்லர் கம்பெனி 426 ஹெமி என்ற ஏழு லிட்டர் என்ஜினை 1966-லிருந்து தெரு வண்டிகளிலும் வைத்து 425 குதிரைசக்தி என்றது. 1970-இல் ஷெவல் 450-ஐத் தொட்டது. அந்த வி-8 என்ஜின் ஐடிலில் உறுமுவதைப் பதிவில் கேட்டாலே என் போன்ற டீசல் ஆசாமிக்கு மயிர்க்கூச்செறியும். அதில் பொய்யில்லை.

ஆனால் அந்த எண்களில் பொய் இருந்தது. அதைச் சொல்லாமல் விட முடியாது.

1971 வரை அமெரிக்காவில் விளம்பரப்படுத்திய குதிரைசக்தி 'கிராஸ்' கணக்கு. என்ஜினைத் தனியே சோதனை மேடையில் ஏற்றி, ஏர் கிளீனர் இல்லாமல், விசிறி இல்லாமல், வண்டியின் சைலன்சர் இல்லாமல் ஓட்டி எடுத்த அளவு. எல்லாச் சாமான்களும் மாட்டிய 'நெட்' கணக்கு 1972-இல் பொது வழக்கமானது. ஹெமிக்கு 1971-இல் இரண்டு கணக்கும் வெளியிட்டார்கள். கிராஸ் 425, நெட் 350. ஒரே என்ஜின், 75 குதிரைகள் காகிதத்திலிருந்து ஓடிப்போயின. மறுபுறம், இன்சூரன்ஸ்காரர்களுக்கும் பந்தய விதிகளுக்கும் பயந்து குறைத்துச் சொன்ன எண்களும் உண்டு. ஃபோர்டின் 428 கோப்ரா ஜெட் என்ஜினுக்குப் போட்ட 335 என்ற எண்ணை அன்றைக்கே யாரும் நம்பவில்லை. ஆக எண் என்பது யாருக்குச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது.

எங்கள் டபிள்யூ.டி.எம்.-2 டீசல் என்ஜினுக்கும் 2,600 குதிரைசக்தி என்றுதான் எழுதியிருக்கும். கம்ப்ரஸர், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் தங்கள் பங்கைத் தின்றபின் சக்கரம் சுழற்றப் போவது சுமார் 2,400. ஷெட்டில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் ஒளிக்கவில்லை.

வேகத்தின் கதையும் இப்படித்தான். 1964 மார்ச் மாதம் 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை, போண்டியாக் ஜி.டி.ஓ. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை 4.6 விநாடியில் எட்டியது என்று அச்சிட்டது. அட்டையில் ஃபெராரி ஜி.டி.ஓ.வோடு ஒப்பிட்டுப் படம் வேறு. உண்மையில் ஃபெராரி வண்டி அந்தப் பரீட்சைக்கு வரவே இல்லை. போண்டியாக்கின் விளம்பரத்தைக் கவனித்த ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டுகளுக்குப் பின் தம் சொந்த நூலிலேயே உடைத்துச் சொன்னார்: அந்த வண்டியில் இருந்தது 389 அல்ல, 421 கன அங்குல என்ஜின். கடையில் கிடைத்த வண்டியை 'மோட்டார் டிரெண்ட்' பத்திரிகை ஓட்டிப் பார்த்தபோது 7.7 விநாடி ஆயிற்று. மூன்று கார்பரேட்டர் வைத்த வண்டி வேறொரு பத்திரிகையில் 6.6 விநாடி எடுத்தது. இன்ஸ்பெக்‌ஷன் நாளில் நன்றாகத் துடைத்த என்ஜினை முன்வரிசையில் நிறுத்தும் கலை உலகம் முழுவதும் ஒன்றுதான் போலிருக்கிறது.

இனி அந்தப் புகைக்கு வருகிறேன். பையன் வியந்து பார்த்தானே, சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும் காட்சி, அதற்கு எங்கள் பாஷையில் 'வீல் ஸ்லிப்' என்று பெயர். லோகோவில் அது வந்தால் விளக்கு எரியும், பஸ்ஸர் கத்தும், சக்தி தானாகக் குறையும். டிரைவர் தண்டவாளத்தில் மணல் விடுவார். அது ஒரு கோளாறு. சக்கரத்துக்கும் பாதைக்கும் இடையில் எவ்வளவு பிடிப்பு உண்டோ அவ்வளவு சக்திதான் வண்டியை நகர்த்தும். மிச்சமெல்லாம் ரப்பரைக் கருக்கும். 1964 ஜி.டி.ஓ.வுக்குப் போட்டது 7.50-14 என்ற மெல்லிய, அந்தக் காலத்துக் குறுக்கு இழை டயர். கனத்த என்ஜின் முன்னால், இழுக்கும் சக்கரங்கள் பின்னால். டயர் ஏற்க முடியாத சக்தியைக் கொடுத்துவிட்டு, ஏற்க முடியாமல் அது எரிவதையே காட்சியாக்கி விற்றார்கள். வியாபார சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை.

இவ்வளவும் என் புகார் அல்ல. என் புகார் பிரேக்கைப் பற்றியது.

வேலையில் சேர்ந்த புதிதில், மத்தியப் பிரதேசத்து டீசல் ஷெட் ஒன்றில், பெரிய ஷெட்யூல் முடிந்த ஒரு என்ஜினை லோட் பாக்ஸில் ஏற்றிச் சோதித்தோம். வண்டியை ஓட்டாமல், அது தரும் மின்சாரத்தை வேறொரு சுமைக்குக் கொடுத்துச் சக்தியை அளக்கும் சோதனை அது. முழு சக்தியும் வந்தது. எனக்கு ஒரே பெருமை. வண்டியை எடுக்க வந்த வயதான டிரைவரிடம் எண்களை ஒப்பித்தேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "சடேகா தோ ஸஹி, ஸாப். ருகேகா?" என்றார். ஏறும், அது சரி, நிற்குமா? பர்கேடாவிலிருந்து புத்னிக்கு இறங்கும் மலைச்சரிவில் வருடக்கணக்காகச் சரக்கு வண்டி இறக்கியவர். அவர் கேட்காமல் யார் கேட்பது?

வெளியாருக்கு ஒரு செய்தி தெரிந்திருக்காது. ரயில் புறப்படுவதற்கு முன் டிரைவர் கையிலும் கார்டு கையிலும் ஒரு காகிதம் கொடுப்பார்கள். அது 'பிரேக் பவர் சர்டிஃபிகேட்'. வண்டியில் எத்தனை சிலிண்டர், அதில் எத்தனை வேலை செய்கிறது என்ற கணக்கு அதில் இருக்கும். பயணி வண்டி கிளம்பும் ஸ்டேஷனில் நூற்றுக்கு நூறு இருக்க வேண்டும். என்ஜினின் குதிரைசக்தியைப் பற்றி அப்படி ஒரு காகிதம் டிரைவரிடம் யாரும் நீட்டுவதில்லை. சக்தி குறைந்தால் வண்டி லேட்டாகும்; அவ்வளவுதான்.

இந்தக் கண்ணோடு ஜி.டி.ஓ.வைப் பாருங்கள். சாதுவான டெம்பஸ்டுக்கு அளவெடுத்துச் செய்த ஒன்பதரை அங்குல டிரம் பிரேக், நான்கு சக்கரத்திலும். என்ஜினை மாற்றினார்கள், ஸ்பிரிங்கை மாற்றினார்கள், பிரேக் அதேதான். அக்காலப் பத்திரிகைச் சோதனைகளே இதைக் குறை கூறின. முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் 1967-இல்தான் வந்தது. அதுவும் தனியாகக் காசு கொடுத்தால்.

டிரம் என்பது ஒரு வாணலியைக் கவிழ்த்த மாதிரி. உள்ளேயிருந்து ஷூ வெளிப்பக்கமாக அழுத்துகிறது. ஓடும் வண்டியின் ஆற்றல் முழுவதும் அங்கேதான் சூடாக மாற வேண்டும். வேகம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. இது எந்தக் கம்பெனியாலும் திருத்த முடியாத கணக்கு. சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகிறது. லைனிங்கின் பிடிப்பும் குறைகிறது. மிதித்த பெடல் தரைக்குப் போகும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். ஒரு முறை வேகத்திலிருந்து நிறுத்தினால் நிற்கும். உடனே இரண்டாம் முறை கேட்டால் யோசிக்கும். மூன்றாம் முறைக்கு நம் முன்னோர் செய்த புண்ணியம் வேண்டும். டிஸ்க்கில் இந்த வம்பு குறைவு. தகடு காற்றில் திறந்திருக்கிறது, விரிந்தாலும் பேடை விட்டு விலகுவதில்லை. இன்றைய எல்.எச்.பி. பெட்டிகளில் டிஸ்க் பிரேக் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

இந்த வண்டிகள் ஓடிய இடத்தையும் சொல்ல வேண்டும். டெட்ராய்ட் நகரின் வுட்வர்ட் அவென்யூவில் இரவு நேரங்களில் ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரை பந்தயம். கால் மைல் தூரம், நல்ல வண்டிக்கு 13, 14 விநாடி. கால் மைலின் முடிவில் நூறு மைல் வேகத்தை நெருங்கியிருக்கும். எதிரே அடுத்த சிவப்பு விளக்கு. ஏறுவதற்கு வேண்டியதையெல்லாம் செய்துகொடுத்த கம்பெனிகள் நிற்பதை வாங்குபவன் பாடாக விட்டுவிட்டன. இது என் குற்றச்சாட்டு. அமெரிக்காவில் 1972-இல் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தோர் 54,000-க்கும் மேல். அத்தனைக்கும் இந்த வண்டிகள் காரணம் என்று சொல்ல மாட்டேன், அது அபாண்டம். ஆனால் இளைஞர்களிடம் வேகத்தை மட்டும் தனியே பிரித்து விற்றது காரணங்களில் ஒன்று இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன்.

நேர்மையான வேகமும் அங்கே இருந்தது, அதையும் சொல்கிறேன். 1970 மார்ச் 24 அன்று டல்லடேகா மைதானத்தில் பட்டி பேக்கர் என்ற வீரர் டாட்ஜ் சார்ஜர் டேடோனாவை மணிக்கு 200.447 மைல், அதாவது 322 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். நாஸ்கார் பந்தய வண்டிகளில் 200-ஐத் தாண்டிய முதல் ஓட்டம். ஹெமி என்ஜின் அதற்கு முன்பே இருந்ததுதான். புதிதாக வந்தது கூர்மூக்கும், பின்னால் உயர்ந்து நிற்கும் இறக்கையும். காற்றைக் கிழிக்க வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதால், குதிரைகளைக் கூட்டுவதைவிட மூக்கைச் சீவுவது லாபம் என்று கண்டுகொண்டார்கள். இது பொறியாளனின் வேலை. தலை வணங்குகிறேன்.

இனி பையன் கேட்ட கேள்விக்குப் பதில். 1969 மார்ச்சில் ஹௌராவுக்கும் புது தில்லிக்கும் இடையே ராஜதானி ஓடத் தொடங்கியபோது அதை இழுத்தது டபிள்யூ.டி.எம்.-4 என்ற 2,600 குதிரைசக்தி என்ஜின். செய்தது யார் தெரியுமோ? போண்டியாக்கின் தாய் நிறுவனமான அதே ஜெனரல் மோட்டார்ஸின் லோகோமோட்டிவ் பிரிவு. ஆறு ஹெமி கார்களின் விளம்பர சக்தியைக் கூட்டினால் அந்த என்ஜின். அதை வைத்துக்கொண்டு ஒரு ரயிலையே, சாப்பாட்டோடும் தூக்கத்தோடும், 1,450 கிலோமீட்டர் தூரம் 17 மணி 20 நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த 120-க்குப் பின்னால் லக்னோவின் ஆர்.டி.எஸ்.ஓ. பல ஆண்டுகள் செய்த சோதனை இருந்தது. பாதை தாங்குமா, வளைவு தாங்குமா, சிவப்பு சிக்னலுக்கு முன்னால் நிற்குமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். சக்தி போதாமல் 120-இல் நிற்கவில்லை, தம்பி. நிறுத்த முடிகிற வேகத்தைத்தான் நாங்கள் வேகம் என்று எழுதினோம்.

பழைய அமெரிக்க வண்டியைப் பற்றி இவ்வளவு எதற்கு என்று பெற்றோர் கேட்கலாம். அந்த வகை 1970-களின் தொடக்கத்திலேயே இன்சூரன்ஸ் கட்டணம், புகைக் கட்டுப்பாடு, 1973 எண்ணெய் நெருக்கடி என்று அடி மேல் அடி வாங்கி மங்கிவிட்டது. ஆனால் அதன் வேகம் மங்கவில்லை. நம் தெருவுக்கே வந்துவிட்டது. 2024-இல் அறிமுகமான மஹிந்திராவின் பி.இ. 6 என்ற மின்சாரக் கார் 100 கிலோமீட்டரை 6.7 விநாடியில் எட்டும் என்று கம்பெனி சொல்கிறது. கிட்டத்தட்ட மூன்று கார்பரேட்டர் ஜி.டி.ஓ.வின் வேகம். சத்தம் இல்லை, புகை இல்லை, உறுமல் கொடுக்கும் எச்சரிக்கையும் இல்லை. இருபத்துநாலு வயதுப் பையன் வங்கிக் கடனில் வாங்கலாம்.

நியாயமாகச் சொன்னால் இன்றைய வண்டியின் பிரேக் அன்றையதைவிட எவ்வளவோ மேல். டிஸ்க் உண்டு, ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். இயந்திரத்தின் குறை தீர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். சாலையின் குறை? ரயிலுக்கு முன்னால் பாதை காலி என்று சிக்னல் உத்தரவாதம் கொடுக்கிறது. நம் நெடுஞ்சாலையில் யார் கொடுப்பது? பின் விளக்கு இல்லாத கரும்பு டிராக்டரா, டிவைடரில் படுத்திருக்கும் மாடா? 100 கிலோமீட்டரில் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்துக் கால் மிதிக்க ஒரு விநாடி. பிறகு நல்ல டயர், காய்ந்த சாலை, நல்ல பிரேக் இருந்தாலும் 50 மீட்டர். மொத்தம் எண்பதுக்கு அருகில். இரவில் லைட்டை டிப் செய்து போகும்போது ஐம்பது மீட்டருக்கு அப்பால் தெரிவதை நம்பக் கூடாது. மிச்ச முப்பது மீட்டரை எந்தக் குதிரைசக்தி கொடுக்கும்? 2022-இல் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். பத்தில் ஏழு சாவுக்கு அதிவேகம் என்று மத்திய அரசின் அறிக்கையே எழுதியிருக்கிறது.

பிள்ளைகளைக் கார் வாங்காதே என்று தடுக்கச் சொல்லவில்லை; தடுத்தால் கேட்கிற காலமும் இல்லை. காசு அவர்களுடையது. ஷோரூமுக்குக் கூடப் போகும் அப்பா அம்மா எத்தனை விநாடியில் ஏறும் என்று அவர்கள் கேட்கும் அதே மேஜையில், எத்தனை மீட்டரில் நிற்கும் என்று கேட்கட்டும். நாம் கேட்காத கேள்விக்கு விற்பவன் ஏன் பதில் வைத்திருக்கப் போகிறான்?

பொங்கல் விழாவுக்கு மறுநாள் காலை பையனை அழைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே, இன்னும் வீடு எழும்பாத ஒரு லேஅவுட்டின் தார்ச் சாலைக்குப் போனேன். அவர்கள் வீட்டுப் பழைய மாருதி. ஓரத்தில் மூன்று கற்களை வைத்தோம். எந்தக் கல் அருகில் 'நில்' என்று கத்துவேன் என்பது அவனுக்குத் தெரியாது. முதலில் 40 கிலோமீட்டர். "பதினஞ்சு ஸ்டெப்ல நின்னுடும் அங்கிள்" என்றான். நின்ற பிறகு இறங்கிக் கல்லிலிருந்து நடந்து எண்ணினான். இருபத்தாறு. அடுத்து 60-இல். இந்த முறை முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. நாற்பத்தொன்பது வந்தது. நம்பாமல் திரும்ப ஒரு முறை நடந்து எண்ணினான். அதே நாற்பத்தொன்பது.

புனேக்குப் போனபின் ஒரு நாள் போன் செய்தான். டெஸ்ட் டிரைவுக்குப் போயிருந்தானாம். நூறிலிருந்து நிற்க எத்தனை மீட்டர் என்று கேட்டதற்கு, சேல்ஸ்மேன் திரை எத்தனை அங்குலம், எத்தனை ஸ்பீக்கர் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "அதை மட்டும் கேட்டுச் சொல்றேன் சார்" என்றாராம். மூன்று வாரம் ஆகிறது. பதில் வந்தால் எனக்கும் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.